நின்றுபோன வம்சாவளியைத் தொடர்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வம்சாவளி பற்றி வந்த கடிதங்களில் ஓர் ஒற்றுமை. பலரும் புதிதாகத் தொடங்கியவர்கள் அல்ல. வீட்டுப் பெரியவர் ஒருவர் தொடங்கிப் பாதியில் விட்டுப்போனதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். ஆவணங்களிலும் பத்திரப்பதிவிலும் பழகிய எங்கள் குழுவினர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் பெரியப்பா வெகுகாலமாகக் குடும்ப வம்சாவளியை எழுதிவந்தார். போன தையில் காலமாகிவிட்டார். மூன்று நீள நோட்டுகளும் ஒரு தகரப்பெட்டி நிறையப் பத்திரங்களும் போட்டோக்களும் என்னிடம் வந்திருக்கின்றன. அடித்தல் திருத்தலாக இருக்கிறது. புது நோட்டில் சுத்தமாக எழுதிவிடலாமா?
– வாசகர், சாத்தூர்

இப்போதைக்கு வேண்டாம். பெரியப்பா அடித்தது, ஓரத்தில் கேள்விக்குறி போட்டது, பென்சிலில் கிறுக்கியது எல்லாமே தகவல்தான். சுத்தப் பிரதி எடுத்தால் முதலில் தொலைவது அந்தக் கேள்விக்குறிகள். அவர் சந்தேகப்பட்டதை அடுத்து வருபவர் உண்மை என்று படித்துவிடுவார்.

பெட்டியில் எது எதன் மேல் இருந்ததோ அந்த வரிசை கலையாமல் எண் போடுங்கள். ஒரு பத்திரத்துக்குள் கல்யாணப் பத்திரிகை மடித்து வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். எண்ணைக் கீழ்மூலையில் 2பி பென்சிலால் மெல்ல எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா போட்டோவின் பின்புறம் அழுந்தி முன்பக்கம் தடம் விழும். அதன்பிறகு படம் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. கைபேசி என்றால் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்க எண்ணும் படத்தில் விழும்படி நேர் மேலிருந்து எடுங்கள். கோப்புக்கு 'நோட்டு1_பக்கம்012' என்பதுபோலப் பெயர் வையுங்கள். மூன்று இடத்தில் பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில்.

இனி, நோட்டைப் படிக்கும் முறை. மையைப் பாருங்கள். அறுபது வருஷத்துப் பிறப்பு இறப்புகள் ஒரே மையில், ஒரே வேகத்தில், வரி பிசகாமல் இறங்கியிருந்தால் அது ஒரே மூச்சில் நினைவிலிருந்தோ வேறு தாளைப் பார்த்தோ எழுதியது. மை மாறி, எழுத்தின் அளவு மாறி, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தால் அந்தந்தச் சமயத்தில் எழுதியது. இரண்டாவது வகைத் தேதிகளை அதிகம் நம்பலாம். பெரியப்பா பிறப்பதற்கு முந்தைய தேதிகள் எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டவை அல்லது எதிலோ பார்த்தவை. யார் சொன்னது, எதில் பார்த்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் பங்கு வேலை.

அதற்குத் தனி நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே ஒரு குறி: ஆவணத்தில் கண்டது, ஒருவர் சொல்லக் கேட்டது, இரண்டையும் வைத்து ஊகித்தது. கேட்டது என்றால் சொன்னவர் யார், யாரைப் பற்றிச் சொன்னாரோ அவருக்கு என்ன உறவு, எந்த மாதம் சொன்னார் என்பதும் சேரவேண்டும். பெரியப்பா எழுதியதற்கு 'பெரி. 2/47' என்று நோட்டு எண்ணும் பக்கமும் போட்டுவிடுங்கள். மூத்தவர்கள் மிச்சம் இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். பத்திரம் காத்திருக்கும். வயதைக் கேட்கும்போது நேராகக் கேட்காமல், காந்தி சுடப்பட்ட செய்தி வந்தபோது (1948 ஜனவரி) பள்ளிக்கூடம் போனாரா, தனுஷ்கோடிப் புயலின்போது (1964 டிசம்பர்) கைக்குழந்தை இருந்ததா என்று கேளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று: லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எடுக்க முடியாது, உள்ளே தாள் பழுத்துக்கொண்டே இருக்கும். செலோ டேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல் நிற்கும் இரும்பு பீரோவில் வையுங்கள். பாச்சை உருண்டை போட்டோவில் நேராகப் படக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் தலைமுறை விட்டுத் தலைமுறை ஒரே பெயர். போதாததற்கு மாமன் மகள், அக்காள் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கல்யாணங்கள். மரம் வரைந்தால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. என்ன செய்வது?
– வாசகி, கோவில்பட்டி

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பெயரை அடையாளமாக நம்பவே கூடாது. ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள், வெறும் வரிசை எண். முதலில் நினைவுக்கு வந்தவர் 1, அடுத்தவர் 2. ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்த ஆள் தவறாகச் சேர்க்கப்பட்டவர் என்று தெரிந்தாலும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இதை விட்டுவிட்டு, மூலபுருஷர் 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, பேரன் 1.1.1 என்று கிளை எண் போடுகிறவர்கள் அதிகம். அழகாகத்தான் இருக்கும், முதல் அக்காள் மகள் கல்யாணம் வரும் வரை. 12-ஆம் எண் சுப்பையா தன் அக்காள் மகள் 31-ஐக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுப்பையாவின் அப்பா அம்மா, அவர் பிள்ளைகளுக்கு அப்பா வழியில் தாத்தா பாட்டி. அம்மா வழியில் அதே இருவர் பாட்டிக்கே அப்பா அம்மா. ஆக அந்தப் பிள்ளைகள் மூலபுருஷரிலிருந்து அப்பா வழியில் எண்ணினால் ஒரு தலைமுறை, அம்மா வழியில் எண்ணினால் இன்னொன்று. கிளை எண் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் வரும். இரண்டு எண் வந்தால் பத்து வருஷம் கழித்து அவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

தாளில் வரையும்போது ஒருவரை ஓரிடத்தில் மட்டும் முழுமையாக எழுதுங்கள். மற்ற இடத்தில் '31-ஐப் பார்க்க' என்று மட்டும் போடுங்கள். கணினியில் 'கிராம்ப்ஸ்' என்ற இலவசச் செயலி இந்தச் சிக்கலைத் தாங்கும், தமிழிலும் எழுதலாம். அதில் வழக்கமான மர வரைபடத்தை எடுத்தால் ஒரே ஆள் பல இடத்தில் அச்சாவார். உறவுமுறை வலை வரைபடத்தை எடுத்தால் ஒரே கட்டத்தில் நிற்பார், கோடுகள்தான் குறுக்கே ஓடும்.

உறவுச் சொல்லாலும் ஆள் மாறுவார். 'எங்க சித்தப்பா' என்று ஒருவர் சொன்னால் அது அப்பாவின் கூடப்பிறந்த தம்பியா, பெரிய தாத்தாவின் மகனா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். 'ஒரே வயித்துப் பிள்ளைகளா?' என்ற கேள்விக்குப் பெரியவர்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். இரண்டு தாரம் இருந்ததும் அந்தக் கேள்வியில்தான் வெளிவரும்.

இன்னொரு சோதனை, தாயின் வயது. பிள்ளை பிறந்தபோது தாய்க்கு 14-க்குக் கீழோ 48-க்கு மேலோ கணக்கு வந்தால், இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகியிருக்கிறார்கள். அதேபோல், 1920-களின் பத்திரத்தில் சாதிப் பட்டத்தோடு இருப்பவர் 1950-களில் வெறும் பெயரோடு வந்தால் வேறு ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தை விடச் சொன்ன பிறகு பலர் அதை விட்டார்கள். ஆள் அவரே, கையெழுத்துதான் சுருங்கியது.

தாத்தாவின் குறிப்பில் 'துன்மதி வருஷம் மாசி மாசம் 10 தேதி செவ்வாய்க்கிழமை' என்று ஒரு பிறப்பு இருக்கிறது. ஆங்கிலத் தேதி எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு தாளில் பசலி என்றும் வேறொன்றில் கொல்லம் என்றும் இருக்கிறது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1987 சித்திரையில் தொடங்கியது பிரபவ. அதிலிருந்து எண்ணினால் 55-ஆவது துன்மதி. 1981-ல் தொடங்கியது ஒன்று, அதற்கு முன் 1921, அதற்கும் முன் 1861. பெரும்பாலோர் தவறுவது அடுத்த படியில். வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விடும், மார்கழி பாதியிலேயே தாண்டும். ஆகவே உங்கள் துன்மதி மாசி 1921 அல்ல, 1922.

1922-ல் மாசி முதல் தேதி பிப்ரவரி 12. பத்தாம் தேதி பிப்ரவரி 21. அன்று செவ்வாய்க்கிழமை. பொருந்திவிட்டது.

கிழமையை இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அறுபது வருஷம் என்பது 21,915 நாளும் கொஞ்சமும். அதை ஏழால் வகுத்தால் மீதி ஐந்து, சில சமயம் ஆறு. அதாவது அதே வருஷப் பெயர், அதே மாதம், அதே தேதி அடுத்த சுற்றில் வரும்போது கிழமை கட்டாயம் மாறும். 1862 மாசி 10 புதன் அல்லது வியாழன், 1982-ல் திங்கள். ஆகவே கிழமை எழுதியிருந்தால் எந்தச் சுற்று என்ற சண்டையே இல்லை. கிழமை இல்லாமல் நட்சத்திரமும் திதியும் இருந்தாலும் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஒத்துப்பார்க்கலாம். இப்போதைய காலண்டரை வைத்து மாசி 1 பிப்ரவரி 13 என்று பழைய ஆண்டுகளுக்கும் போடாதீர்கள். பின்னோக்கிப் போகப் போக மாதப் பிறப்பு ஒரு நாள், இரண்டு நாள் முன்னால் நகரும்.

பசலி, வருவாய்த்துறைக் கணக்கு. ஜூலை 1-ல் தொடங்கும். அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1331 என்பது 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை. கொல்லம் ஆண்டு உங்கள் பக்கத்திலும் நாஞ்சில் நாட்டிலும் சகஜம். ஆவணியில் தொடங்கும், 824 கூட்ட வேண்டும். தை பிறந்த பிறகு 825. கொல்லம் 1097 மாசியும் இதே 1922 பிப்ரவரிதான்.

திவசத் திதியை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மாதமும் பட்சமும் கிடைக்கும், வருஷம் கிடைக்காது. அதை எழுதிவைத்துக்கொண்டு இறப்புப் பதிவேட்டில் தேடுங்கள்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலத்துத் தேதிகள் அவை. மே, ஜூனில் பிறந்தவர்கள் ஒரே குடும்பத்தில் நான்கைந்து பேர் இருந்தால் தலைமை ஆசிரியர்தான் பிறப்பித்திருக்கிறார்.

பழைய பத்திரங்களில் உள்ள எண்களும் குறிகளும் புரியவில்லை. ஓலைச்சுவடி நாலைந்தும் இருக்கின்றன, எழுத்தே தெரியவில்லை.
– வாசகர், கும்பகோணம்

௲௮௱௯௰௨ என்று இருந்தால் 1892. ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, இரண்டு என்று வாய்விட்டுப் படித்தால் வந்துவிடும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. '௸யார்' என்று வந்தால் இரண்டு வரி மேலே போய் அந்த ஆள் யார் என்று பார்க்க வேண்டும். நடுவில் இன்னொரு பெயர் நுழைந்திருந்தால் அங்கேதான் குடும்பம் மாறிப்போகும்.

எண்களில் ஏமாற்றுபவை க, உ, எ, அ போலவே இருக்கும் ௧, ௨, ௭, ௮. பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி, அதை இரண்டு என்று எடுத்தவர்கள் உண்டு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ரகரமும் கால் எழுத்தும் ஒன்றுபோல் இருக்கும், எகர ஏகார வேறுபாடும் கிடையாது. தெரிந்த பெயர்களை முதலில் கண்டுபிடித்து அந்தக் கையெழுத்தின் அச்சைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

ஓலையைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணியில் துளி புல்தைலம். வரி மங்கியிருந்தால் தைலத்தில் விளக்குக்கரி குழைத்துப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் கருமை நிற்கும். முதலில் ஓரத்தில் உள்ள வெற்று ஓலையில் செய்து பாருங்கள். நொறுங்கும் ஓலை என்றால் கைவைக்காமல் சுவடிப் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். காகிதத்தில் எந்தத் தைலமும் வேண்டாம்.

நிலப் பத்திரங்களை வைத்து எத்தனை தலைமுறை பின்னால் போகலாம்? எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

நிலம் இருந்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதுவதால் ஒவ்வொன்றும் இரண்டு தலைமுறை தரும். 'எங்கள் பாட்டனார் இன்னாருக்குக் கிரையமாய்ப் பாத்தியப்பட்டு' என்ற முகவுரை இருந்தால் மூன்று. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பிகள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். பங்கின் அளவும் பேசும். நாலில் ஒரு பங்கு என்றால் நாலு அண்ணன் தம்பி என்று உடனே எழுதிவிடாதீர்கள், அப்பா உயிரோடு இருந்து அவருக்கும் ஒரு பங்கு எடுத்திருந்தால் பிள்ளைகள் மூன்று பேர்தான்.

கையில் உள்ள பத்திரத்தில் மூன்று விஷயம் வேண்டும்: பத்திர எண், ஆண்டு, பதிவான சார்பதிவகம். பெரும்பாலான அலுவலகங்களில் 1975-க்குப் பிறகான வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு மனு கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். முதல் அட்டவணை ஆள் பெயரால், இரண்டாவது சொத்தால். நீங்கள் ஆளைத் தேடுவதால் முதல் அட்டவணையைக் கேளுங்கள். கவுண்டரில் வழக்கமாக சர்வே எண்ணைத்தான் கேட்பார்கள். உயில்கள் 3-ஆம் புத்தகம். எழுதியவர் இறந்துவிட்டால், அதைச் சொல்லி யாரும் நகல் வாங்கலாம். மற்ற வகைப் பத்திரங்கள் உள்ள 4-ஆம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்.

'பதிவு இல்லை' என்று பதில் வந்தால் இரண்டு காரணம் பாருங்கள். 1930-ல் உங்கள் கிராமம் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். மாவட்டமே மாறியிருக்கலாம். உங்கள் ஊர் அதற்கு நல்ல உதாரணம்: ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985-லிருந்து விருதுநகர். 1890-ஆம் ஆண்டுக் காகிதத்தை ராமநாதபுரம் மாவட்டக் காகிதக் கட்டுகளில் தேடினால் வராது.

பட்டா வழியில் போவது இன்னொன்று. இன்றைய சிட்டாவில் உள்ள சர்வே எண் 1979-க்குப் பிறகு நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் 'யுடிஆர்' என்பார்கள், உட்பிரிவு மாறியிருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் பழைய எண் புதிய எண் ஒப்பீட்டையும் கேட்டு வாங்கி, அதற்கும் முந்தைய மறு நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கு ஏறுங்கள். அங்கே பட்டாதாரர் பெயர் இருக்கும். நேரில் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு. 30 நாளில் பதில் வரவேண்டும். மனுவில் 'என் முன்னோர் விவரம் தருக' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். கிராமம், சர்வே எண், பதிவேட்டின் பெயர், எந்தக் காலத்தது என்று எழுதி 'நகல் தருக' என்று கேளுங்கள்.

ஜமீன் கிராமம் என்றால் இந்த ஏணி பாதியில் முடிந்துவிடும். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசு தனித்தனியாகப் பட்டா கொடுத்தது. அதற்கு முன் கணக்கு ஜமீன் கச்சேரியில், அதாவது ஜமீன் அலுவலகத்தில். இனாம் நிலம், அதாவது மானியமாகக் கிடைத்த நிலம், இருந்த குடும்பங்களுக்கு மாறாக அதிர்ஷ்டம்: 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமும் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார் என்று எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிராமத்தின் பெயரையும் தாலுகாவையும் கொடுத்துக் கேளுங்கள்.

பாகப் பிரிவினை வழக்கு நடந்த குடும்பம் என்றால், சண்டையிலும் ஒரு நன்மை: வாதத்தோடு வம்சாவளி அட்டவணை இணைத்திருப்பார்கள். ஒரு தரப்பு போட்டதை மட்டும் எடுக்காமல் எதிர்த்தரப்பு மறுத்ததையும் படியுங்கள்.

பத்து தலைமுறை எழுதியிருக்கிறார்கள், ஒரு பெண்ணின் பெயர் கூட இல்லை. எங்கே தேடுவது?
– வாசகி, தேனி

அரசுப் பதிவை விட உங்கள் வீட்டுப் பரணில்தான் கிடைக்கும். மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை மூன்றும் போதும். பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று ஊர்ப் பெயரோடு அச்சடித்திருப்பார்கள். அரைப் பக்கத்தில் மூன்று தலைமுறை. மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை. தாய்மாமன் வரிசை பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும், தொகையும் மற்றவர்களை விட அதிகம். அந்த ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு போனால் பாட்டியின் பிறந்தகம் வரும். அங்கே இருப்பவர்களிடம் உள்ள நோட்டில் உங்கள் பாட்டி மகளாக இருப்பார், பெயரோடு.

பத்திரங்களில் விடுதலைப் பத்திரத்தைத் தேடுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பாவின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் பாத்தியம் வந்ததால், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளிடம் எழுதி வாங்கினார்கள். அதில் ஒவ்வொரு பெண்ணின் பெயர், கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் உண்டு. உரிமையை விட்டுக்கொடுத்த காகிதத்தில்தான் பெயர் பதிவானது என்பது கசப்பான வேடிக்கை. பாகப்பிரிவினையில் பெண் பெயர் இல்லை என்பதால் அந்த வீட்டில் பெண் பிறக்கவில்லை என்று எழுதாதீர்கள். 1989-க்கு முன் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது.

பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, 'பெண்' என்று மட்டும் இருக்கும். தாய் தகப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள். கிராமப் பதிவேடுகள் 1980 வரை முன்சீப், கணக்குப்பிள்ளை கையில் இருந்தவை. இப்போது சார்பதிவகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்க வேண்டும்.

நாங்கள் நகரத்தார். தனியாக வம்சாவளி எழுத வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

உங்கள் ஒன்பது நகரக் கோயில்களில் திருமணமான தம்பதி ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு புள்ளி. அங்கிருந்து தொடங்குங்கள். வீட்டில் இசைபிடிமானம் (கல்யாணத்தின்போது எழுதும் ஒப்பந்தம்) இருந்தால் அதில் இரு வீட்டார் விவரமும் இருக்கும். பெண் பிறந்த கோயிலையும் தவறாமல் குறியுங்கள். சுவீகாரம் போனவர்களுக்குப் பிறந்த வீடு, போன வீடு இரண்டையும் எழுதாவிட்டால் மரம் பொய் சொல்லும்.

பங்குக் கோயில் பதிவேட்டில் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா பெயரே அதில் இல்லை.
– வாசகர், தூத்துக்குடி

இருப்பார், வேறு பெயரில். வீட்டில் இராயப்பன் என்றால் பதிவேட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சூசை யோசேபுஸ். இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரோடு ஞானப்பெற்றோரையும் எழுதிக்கொள்ளுங்கள், பலரும் சித்தி, மாமன் முறையில் உள்ளவர்கள்.

இரண்டு இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, ஞானஸ்நானப் பதிவின் ஓரம். 1908-க்குப் பிறகு ஒருவர் எங்கே, எப்போது, யாரை மணந்தார் என்பதை அங்கே குறிக்க வேண்டும் என்று திருச்சபை விதி. இன்னொன்று, திருமணப் பதிவில் உறவுத் தடை நீக்கம். மாமன் மகளைக் கட்ட ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும், எந்தப் படி உறவு என்பதையும் எழுதுவார்கள். அந்த ஒரு வரியால் இருவருக்கும் பொதுவான முன்னோர் எத்தனையாவது தலைமுறை என்று கணக்கிட்டுவிடலாம்.

எங்கள் மூதாதையர் ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். அக்காள் பாதி வரை தேடி வைத்துவிட்டு இறந்துவிட்டாள். கப்பல் பட்டியலில் ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் இல்லை.
– வாசகர், டர்பன்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேருக்குப் பட்டியல் உண்டு. அக்காள் குறித்து வைத்த தாளில் குடியேற்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் இல்லாத பெயர் பயன்படாது, அதே பெயரில் நூறு பேர் வந்திருப்பார்கள். எண் இருந்தால் மூலப் பதிவின் படத்தை எடுத்து, தட்டச்சு செய்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டங்கள் இருக்கும். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்றிருந்தால் கேரளம் பக்கம் போகாதீர்கள். அக்காலத்தில் தமிழரை அப்படி எழுதுவது வழக்கம்.

ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் கிராமத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஜில்லா, தாலுகாவிலிருந்து இறங்குங்கள். வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. அதோடு நிற்காது, 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை அந்தப் பகுதியும் அதில்தான், எனவே ஊர் ஆந்திரத்தில் இருக்கலாம். சேலம் என்றால் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி. சென்னை மாகாண காலத்துத் தாலுகாவாரிக் கிராமப் பட்டியலில் அந்தத் தாலுகாவின் ஊர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிப் பார்த்தால் இரண்டு மூன்றில் வந்து நிற்கும். 'பட்டி', 'பாளையம்', 'குப்பம்' போன்ற கடைசிப் பகுதி பட்டியலில் உதிர்ந்திருக்கும்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவரின் சொத்துக் கோப்பைப் பாருங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்கும். இலங்கைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் கங்காணி வழியில் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியல் கிடையாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில், திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் அதுவே முதல் ஆவணம்.

டிஎன்ஏ சோதனை செய்தால் இந்த வேலையெல்லாம் மிச்சமாகுமா?
– வாசகர், சென்னை

ஆகாது. நெருங்கிய சொந்தத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் பொதுவான மரபுப் பகுதி மிகுதியாக இருக்கும். அதனால் தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம் போலக் காட்டும். பெயரையும் ஊரையும் அது சொல்லாது.

மாமா 1990-களில் கணினியில் தட்டச்சு செய்து வைத்த வம்சாவளிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வருகின்றன. கெட்டுப்போய்விட்டதா?
– வாசகர், மதுரை

கெடவில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். குப்பைக்குள் அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் பெரும்பாலும் பாமினி, அதில் மெய்ப்புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. வேறு மாதிரி இருந்தால் டிஸ்கி, டாம், டாப், வானவில் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூலக் கோப்பைத் திறந்த நிலையில் சேமிக்காதீர்கள். முதலில் நகல் எடுத்து, நகலிலிருந்து ஒரு பத்தியை என்எச்எம் மாற்றி போன்ற செயலியில் போட்டு எந்தத் தெரிவில் தமிழ் வருகிறது என்று பாருங்கள். வந்ததும் முழுக் கோப்பையும் மாற்றலாம்.

மாற்றியபின் ஆண்டு, தொலைபேசி எண், ஆங்கில இனிஷியல் மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். மாமா எழுத்துருவை மாற்றாமல் ஆங்கிலம் அடித்த இடங்களும், ஆங்கில எழுத்துருவில் அடித்த இனிஷியல்களும் ஒன்றாகத் தமிழாகிவிடும். ஓர் ஆங்கில இனிஷியல் வேறொரு தமிழ் எழுத்தாகி, ஒருவர் மகன் இன்னொருவர் மகனாகிவிடக்கூடும்.

வம்சாவளிச் செயலிக்கு ஏற்றும்போது ஜெட்காம் கோப்பை (வம்சாவளிச் செயலிகளுக்குப் பொதுவான கோப்பு வகை) யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் எடுங்கள். வேறு குறியேற்றத்தில் எடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும், அதைத் திரும்ப மீட்க முடியாது. ஏற்றியதும் முதல் இருபது பேரை மாமாவின் அச்சுப் பிரதியோடு வைத்து ஒப்பிட்டுவிட்டு மேலே போங்கள்.